சாப்பிட்டா வலிக்குது

அமுதத்துக்குச் சோறு பகையாகிப் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது.

காரைக்கால் பக்கத்துப் பூவத்தில் நடவுக்கு ஆள் திரட்டிக் கொண்டு போகிறவள் அவள். பதினெட்டுப் பெண்களோடு விடிந்ததும் வயலில் இறங்கினால், இந்த வரப்பில் நின்று அவள் போடும் சத்தம் நாலு வயல் தாண்டிக் கேட்கும். அப்படிப்பட்டவள் மத்தியானம் தூக்குச்சட்டியைத் திறந்து நாலு கவளம் உள்ளே தள்ளியதும், நெஞ்சுக்குழியில் யாரோ முழங்கையை ஊன்றி அழுத்துவது போல் துடித்துப் போவாள். மூச்சு முட்டும். வாந்தி எடுத்துவிட்டால் அடங்கும். எடுக்க வராவிட்டால் வரப்பிலேயே மாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். படுத்தால் நெஞ்சுக்குள்ளே களுக் களுக்கென்று சத்தம் வேறு.

"வாயுவா இருக்கும். பெருங்காயம் போட்டு மோர் குடி" என்றார் அவள் புருஷன் இளையபெருமாள். கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் பியூன் வேலை. யார் எதைச் சொன்னாலும் தலையாட்டிப் பழகிய மனுஷர். ஆபீசில் அதனால் நல்ல பெயர்.

பெருங்காயமும் மோரும் ஒரு வருஷம் ஓடின. சோறு கஞ்சியாயிற்று, கஞ்சி நீர்த்துப் போயிற்று. ரவிக்கைகளை மகள் அஞ்சுகம் இரண்டு முறை பிடித்துத் தைத்துக் கொடுத்தாள். 1977 சித்திரையில், நாற்றங்காலில் மயங்கி விழுந்த பிறகுதான் இளையபெருமாள் அவளைக் காரைக்கால் டவுனில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனார். பேர் பெற்ற டாக்டர். வாசலில் எப்போதும் நாற்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

"என்னம்மா பண்ணுது?"

"சாப்பிட்டா வலிக்குதுங்க. சாப்பிடாம கெடந்தா ஒண்ணும் இல்லீங்க."

"இருமல் இருக்கா?"

"படுத்தா வருதுங்க. ஆனா, சாப்பிட்டாத்தாங்க…"

"எத்தனை மாசமா இருமல்? இளைச்சிருக்கியா?"

அவர் கேட்டதற்கெல்லாம் இளையபெருமாள் ஆமாம் போட்டார். அமுதம் மூன்றாம் முறையாக வாயைத் திறப்பதற்குள் டாக்டர் அடுத்த ஆளுக்கு மணி அடித்துவிட்டார். நெஞ்சைப் படம் எடுக்கச் சொல்லிச் சீட்டு.

படத்தில் இருதயத்துக்குப் பின்னால் உருண்டையாக ஒரு நிழல் இருந்தது. அதன் பாதியில் கோடு கிழித்தது போல் நீர்மட்டம்.

"நுரையீரல்ல ஓட்டை விழுந்திருக்கு. டி.பி." என்றார் டாக்டர்.

சளியை மூன்று முறை பரிசோதித்தார்கள். மூன்று முறையும் கிருமி இல்லை என்றே வந்தது. "சில பேருக்குச் சளியில தெரியாது. படம் பொய் சொல்லாது" என்று டாக்டர் ஊசியை எழுதிவிட்டார். முதல் இரண்டு மாதம் தினம் ஒன்று. அப்புறம் வாரத்துக்கு இரண்டு, ஒன்றரை வருஷத்துக்கு. கூடவே மாத்திரைகள். அந்த மாத்திரைகளை முழுங்கினாலும் வலித்தது.

வீட்டுக்கு வந்த அன்றே இளையபெருமாளின் அக்கா லோகாம்பாள் ஒரு அலுமினியத் தட்டையும் ஒரு டம்ளரையும் எடுத்து, மாட்டுக் கொட்டகையை ஒட்டிய சின்ன அறையில் வைத்தாள். பாயையும் அங்கே போட்டாள். லோகாம்பாளின் புருஷன் அந்த நோயில்தான் ரத்தம் கக்கிச் செத்தவன். அவள் பயத்தில் பொய் இல்லை. அது அமுதத்துக்கும் தெரியும். ஆனால் பயந்தவள் வந்து "எனக்குப் பயமா இருக்கு" என்று சொல்லியிருக்கலாம். யாரோ மூன்றாம் மனுஷிக்குச் சொல்வது போல் வாசற்படியில் நின்றுகொண்டு, "இனிமே ஒன் சாமானெல்லாம் அங்கதான். அடுப்படிக்கு வராதே" என்றாள்.

அமுதம் புருஷனைப் பார்த்தாள். அவர் அக்காவைப் பார்த்தார். பிறகு தலையாட்டினார்.

அந்தத் தலையாட்டலில்தான் அவளுக்குள் கோபம் பிடித்துக்கொண்டது. அது அழுகையாக வரவில்லை. அழுதிருந்தால் கொஞ்சம் குறைந்திருக்கும்.

அஞ்சுகத்துக்கு அப்போது கோவில்பத்தில் பேசி முடித்திருந்தார்கள். பையன் தங்கையன், மின்சார ஆபீசில் வேலை. இரண்டு முறை வந்து பார்த்து, அஞ்சுகத்தோடு நாலு வார்த்தை சிரித்துப் பேசிவிட்டும் போயிருந்தான். ஆவணியில் பரிசம் போடுவதாக இருந்தது. ஆடி முடிவதற்குள் தரகர் வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார்: "தாய்க்கு இருந்தா பொண்ணுக்கும் வரும்னு அவங்க வீட்டுல பயப்படுறாங்க." அஞ்சுகம் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அமுதம் கொட்டகை அறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நடவுப் பெண்களும் விலகினார்கள். எதிரே வந்தால் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஒடம்பு தேவலையா அக்கா?" என்று தூரத்திலிருந்தே கேட்டார்கள். அவள் போட்ட சத்தத்துக்கு ஓடி வந்தவர்கள்தான் எல்லோரும்.

ஊசி போட ஆரம்பித்த ஆறாம் மாதம் வலது காதில் விசில் அடிப்பது போல் ஒரு சத்தம் வந்தது. பிறகு அந்தச் சத்தமும் போய், காதே அடைத்துப்போயிற்று. டாக்டரிடம் சொன்னாள். "பலவீனம்மா. முட்டை சாப்பிடு" என்றார்.

"சாப்பிட்டா வலிக்குதுங்க" என்றாள் அமுதம், பல்லைக் கடித்துக்கொண்டு.

"கொஞ்சம் கொஞ்சமா சாப்பிடு" என்றார் அவர், அடுத்தவன் நாடியைப் பிடித்தபடி.

1979 மாசியில் மூன்றாவது படம் எடுக்க வேண்டி வந்தது. அன்றைக்குப் பஸ் ஒரு மணி நேரம் தாமதம். பசி தாங்காமல் கோட்டுச்சேரியில் இறங்கி இரண்டு இட்லியும் ஒரு டீயும் சாப்பிட்டாள். சாப்பிட்ட தண்டனையை அடுத்த பஸ்ஸில் மாரைப் பிடித்துக்கொண்டு அனுபவித்தபடி காரைக்கால் வந்து சேர்ந்தாள். அஞ்சுகம் கூட இருந்தாள்.

படம் எடுக்கும் இடத்தில் நெய்னா முகம்மது என்று ஒருவர் இருந்தார். ஐம்பது வயசுக்காரர், அதிகம் பேசாதவர். முந்தைய இரண்டு படங்களையும் அவர்தான் எடுத்திருந்தார். ஈரம் காயாத புதுப் படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டினார். கொஞ்ச நேரம் பார்த்தார். அஞ்சுகத்தின் பையிலிருந்த பழைய படங்களையும் வாங்கிப் பக்கத்தில் மாட்டினார். முதல் படத்தில் எலுமிச்சம்பழ அளவு இருந்த நிழல், இரண்டாவதில் அதைவிடச் சிறுத்திருந்தது. இன்றைக்குத் தேங்காய் அளவு.

"சாப்பிட்டுட்டா வந்தீங்க?" என்றார்.

அமுதம் இடது காதைத் திருப்பினாள். "என்ன கேட்டீங்க?"

"இப்ப ஏதாச்சும் சாப்பிட்டீங்களாம்மா?"

இந்த இரண்டு வருஷத்தில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். அமுதம் மடமடவென்று சொன்னாள். "இட்லி சாப்பிட்டேங்க. சாப்பிட்டா வலிக்குது. சாப்பிட்டா மட்டுந்தாங்க வலிக்குது. இத நான் எத்தனை பேருகிட்ட சொல்றது?"

நெய்னா முகம்மது படத்தைக் காட்டினார். "நான் டாக்டர் இல்லீங்க. ஆனா முப்பது வருஷமா படம் எடுக்கறேன். டி.பி. ஓட்டை நீங்க இட்லி தின்னா பெருக்காது, பட்டினி கெடந்தா சுருங்காது. உள்ள இருக்கிற காத்தும் தண்ணியும் நுரையீரல்ல இருக்கிற மாதிரி எனக்குத் தோணல. வெள்ள மருந்து குடிக்க வச்சு ஒரு படம் எடுக்கச் சொல்லி டாக்டருகிட்ட கேளுங்க."

கேட்டார்கள். டாக்டருக்கு முகம் சிவந்தது. "படம் எடுக்கறவன் வைத்தியம் சொல்ல ஆரம்பிச்சாச்சா? நீங்களே போய் அவன்கிட்டயே ஊசி போட்டுக்குங்க!" என்று படத்தை மேஜையில் வீசினார். வெளியே நாற்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அஞ்சுகம் குனிந்து படத்தைப் பொறுக்கிக்கொண்டாள்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது இளையபெருமாள், "பெரிய டாக்டரைப் பகைச்சுக்கிட்டா நாளைக்கு அவசரம்னா எங்க போறது?" என்றார்.

அவசரம் பன்னிரண்டாம் நாள் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். குழைய வடித்த சோற்றில் ரசம் விட்டு இரண்டு கை சாப்பிட்டிருப்பாள். நெஞ்சுக்குள் எதையோ முறுக்கிப் பிழிந்தது போல் இருந்தது. இதுவரை வந்த வலியெல்லாம் விளையாட்டு என்று ஆகிவிட்டது. ஓங்கரித்தாள். ஓங்கரித்துக்கொண்டே இருந்தாள். எச்சிலைத் தவிர எதுவும் வரவில்லை. மேல்வயிறு கல்லாக உப்பியது.

வாடகைக் காரில் காரைக்கால் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். பணியில் இருந்த சின்ன வயசு டாக்டரம்மா மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் விடப் பார்த்தார். பாதியில் முட்டிக்கொண்டு போகமாட்டேன் என்றது. மறுபடி முயன்றார். போகவில்லை. அஞ்சுகம் மூன்று படங்களையும் நீட்டி, நெய்னா முகம்மது சொன்னதை அப்படியே ஒப்பித்தாள். டாக்டரம்மா படங்களைப் பார்த்தார், அமுதத்தைப் பார்த்தார், ஒரு நிமிஷம்கூட வீணாக்கவில்லை. "இங்க முடியாது. தஞ்சாவூருக்குக் கொண்டுபோங்க, உடனே" என்று தன் கைப்படக் கடிதம் எழுதி வண்டியும் ஏற்பாடு செய்தார்.

நாகூர், நாகப்பட்டினம், திருவாரூர் என்று வண்டி போய்க்கொண்டே இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து இளையபெருமாள் சாமி பேரெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். "வாய மூடிக்கிட்டு வாங்க" என்றாள் அமுதம். இத்தனை வருஷத்தில் அவரிடம் அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

தஞ்சாவூரில் சர்ஜன் மதார் சாகிப் மூன்றாவது முயற்சியில் குழாயை இறக்கினார். காற்றும் கருப்பாகத் தண்ணீரும் பீய்ச்சிக்கொண்டு வந்தன. வலி இறங்கியது. மறுநாள் சுண்ணாம்புத் தண்ணீர் போல ஒரு வெள்ளை மருந்தைக் குடிக்கவைத்து, அது போகிற வழியை இருட்டறையில் திரையில் பார்த்தார்கள். பிறகு அவர் வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அம்மா, நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல சதையால ஒரு தடுப்பு இருக்கு. சோறு இறங்குற குழல் கீழ வர்றதுக்கு அதுல ஒரு துவாரம். உங்களுக்கு அந்தத் துவாரம் பெருசாகிப்போச்சு. அது வழியா உங்க இரைப்பை மேல ஏறி, குழலுக்குப் பக்கத்துலயே நெஞ்சுக்குள்ள உக்காந்திருக்கு. குடலிறக்கம்னு கேள்விப்பட்டிருப்பீங்கள்ல? இது மேல் பக்கமா ஏறின குடலிறக்கம் மாதிரி. சாப்பிடச் சாப்பிட அது நெஞ்சுக்குள்ள உப்பும், இருதயத்தையும் நுரையீரலையும் நெருக்கும். நேத்து அது முறுக்கிக்கிச்சு. மறுபடி முறுக்கினா உயிருக்கு ஆபத்து. ஆபரேஷன் பண்ணிக் கீழ இறக்கணும்."

"அப்ப டி.பி.?"

"டி.பி. இருந்த அடையாளமே இல்லம்மா."

"இப்ப இல்லையா, எப்பவுமே இல்லையா?"

மதார் சாகிப் கொஞ்சம் தயங்கினார். "எப்பவும் இருந்ததா எனக்குத் தெரியல."

அஞ்சுகம் அழுதுகொண்டே சிரித்தாள். இளையபெருமாள் கைகளைத் தலைக்கு மேல் கூப்பினார். அமுதம் மட்டும் அசையவில்லை. பெரிய நோய் இல்லை என்று சந்தோஷப்பட வேண்டிய நேரம்தான். ஆனால் அவளுக்கு முன்னால் கொட்டகை அறையும், கதவைச் சாத்திக்கொண்ட மகளும், இடுப்பில் கட்டி கட்டியாக நின்றுபோன ஊசிகளும் வரிசையாக வந்து நின்றன. இல்லாத ஒரு நோய்க்கு இவ்வளவும் நடந்திருக்கிறது. எழுந்து யாரையாவது அறைய வேண்டும் போலிருந்தது. மூக்கில் குழாய் இருந்தது.

"என் காது?" என்றாள்.

"அந்த ஊசி சில பேருக்குக் காதைப் பாதிக்கும். திரும்ப வர்றது கஷ்டம்" என்றார் அவர், மறைக்காமல்.

உடம்பில் ரத்தம் குறைவாக இருந்ததால் முதலில் ரத்தம் ஏற்றினார்கள். அஞ்சுகத்தின் ரத்தம் பொருந்தியது. நான்காம் நாள் காலையில் ஆபரேஷன். மார்பெலும்புக்குக் கீழேயிருந்து தொப்புள்வரை கீறி, மூன்றரை மணி நேரம். முக்கால்வாசி இரைப்பையும் மேலே போயிருந்ததாம். அதை மெல்லக் கீழே இழுத்து, அதைச் சுற்றி வளர்ந்திருந்த சவ்வுப் பையை அறுத்தெடுத்து, துவாரத்தின் இரண்டு பக்கத்துச் சதையையும் சேர்த்துத் தைத்துச் சிறிதாக்கினார்கள். இரைப்பையின் மேல் நுனியைக் குழலைச் சுற்றி மடித்துத் தைத்தார்கள். மறுபடி ஏறாமல் இருக்க வயிற்றுச் சுவரோடும் பிடித்துத் தைத்தார்கள். வெளியே வந்து இதையெல்லாம் மதார் சாகிப் ஒரு காகிதத்தில் படம் போட்டு அஞ்சுகத்துக்குக் காட்டினார். இளையபெருமாள் அதற்கும் தலையாட்டினார்.

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் இளையபெருமாள் கட்டிலின் வலது பக்கத்தில் வந்து நின்றார். துண்டை வாயில் வைத்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார்.

"என்ன சொல்றீங்க?"

"தப்புதான்… நான் அன்னைக்கு…"

"அந்தக் காது செத்துப்போச்சு. இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க."

அவர் கட்டிலைச் சுற்றிக்கொண்டு இடது பக்கம் வந்தார். நின்றார். இரண்டாம் தடவை அவருக்கு வாய் வரவில்லை. அமுதம் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஆறு வாரம் கஞ்சியும் குழைந்த சோறும்தான். வலிக்கப் போகிறது என்று பயந்து பயந்து விழுங்கினாள். வலிக்கவில்லை. ஏழாம் வாரம் நெத்திலிக் குழம்பு ஊற்றி ஒரு தட்டுச் சோறு தின்றாள். அப்போதும் வலிக்கவில்லை. வயிறு நிறைந்து எத்தனையோ வருஷமாகியிருந்தது. நிறைந்த வயிற்றோடு கோபப்படுவது இன்னும் வசதியாக இருந்தது.

அடுத்த வாரமே டவுன் டாக்டரிடம் போனாள், அஞ்சுகத்தோடு. வரிசையில் உட்கார்ந்து, முறை வந்ததும் உள்ளே போய், தஞ்சாவூர்க் காகிதங்களை மேஜையில் வைத்தாள். டாக்டர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நல்லதாப் போச்சு. இது அபூர்வமான கேஸ்மா. யாருக்கும் லேசுல தெரியாது."

"அபூர்வம்னு தஞ்சாவூர் டாக்டரும்தான் சொன்னாருங்க. ஒங்களுக்குத் தெரியலன்னு நான் சண்டைக்கு வரல. என் சீட்டை எடுங்க."

"எதுக்கு?"

"எடுங்க."

அவள் குரலில் பழைய வரப்புச் சத்தம் திரும்பியிருந்தது. வெளியே பேச்சு நின்றது. கம்பவுண்டர் சீட்டைத் தேடி எடுத்து வந்தார்.

"அஞ்சுகம், என்ன எழுதியிருக்குன்னு சத்தமாப் படி."

அஞ்சுகம் பத்தாம் வகுப்பு முடித்தவள். தட்டுத் தடுமாறி ஆங்கிலத்தைப் படித்துத் தமிழில் சொன்னாள். வயது. இருமல். இளைப்பு. காசநோய். ஊசியின் பெயர். தேதி, தேதி, தேதி.

"சாப்பிட்டா வலிக்குதுன்னு எங்கயாச்சும் எழுதியிருக்கா?"

"இல்லம்மா."

"முதல் நாள் சொன்னேன். காது போச்சுன்னு சொன்னப்பவும் சொன்னேன். கடைசியாப் படத்தத் தூக்கிப்போட்டீங்களே, அன்னைக்கும் சொன்னேன். ஒங்களுக்கும் ரெண்டு காது இருக்கு, நல்லாவே கேக்குது. ஏன் எழுதல?"

டாக்டர் எழுந்தார். "இங்க பாரும்மா, எத்தனை பேரைப் பார்க்கறேன் ஒரு நாளைக்கு! மரியாதையாப் பேசு."

"மரியாதையாத்தாங்க பேசறேன். பேனாவ எடுத்து இப்ப எழுதுங்க."

அவர் எழுதவில்லை. அமுதமும் நகரவில்லை. கம்பவுண்டர் கையைப் பிசைந்தார். வரிசையில் இருந்த ஒரு கிழவர் எட்டிப் பார்த்து, "எழுதிக் குடுத்துடுங்களேன், அந்தம்மா கேக்குது" என்றார். கடைசியில் டாக்டர் பேனாவை வெடுக்கென்று எடுத்து ஒரு வரி கிறுக்கினார். அஞ்சுகம் குனிந்து பார்த்து, சரி என்று தலையசைத்தாள். அதனால் எதுவும் திரும்பி வரப்போவதில்லை. அமுதத்துக்கு அது தெரியாமல் இல்லை. ஆனாலும் எழுதவைக்காமல் அவள் அந்த இடத்தைவிட்டுப் போயிருக்கமாட்டாள்.

செய்தி கோவில்பத்து வரை போயிற்று. வைகாசியில் தங்கையனின் தாய், தாம்பாளத்தில் பூவும் பழமுமாக, மகனையும் கூட்டிக்கொண்டு பூவத்துக்கு வந்துவிட்டாள். "நடந்தது நடந்துபோச்சு. புள்ளைங்க மனசுல ஆசை இருக்கு" என்றாள். இளையபெருமாள் பரபரவென்று பாய் விரித்தார். லோகாம்பாள் காப்பி போட ஓடினாள்.

அமுதம் அஞ்சுகத்தை அழைத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். பிறகு தங்கையனைப் பார்த்து நேராகக் கேட்டாள். "தம்பி, அன்னைக்கு வேணாம்னு ஒங்க வீட்டுல சொன்னப்ப நீங்க என்ன சொன்னீங்க?"

அவன் திரும்பித் தன் தாயைப் பார்த்தான்.

"அவங்களப் பாக்காதீங்க. நீங்க என்ன சொன்னீங்க?"

"பெரியவங்க சொல்றப்ப நான் என்னத்தைங்க சொல்றது…"

அமுதம் மகளிடம் திரும்பினாள். "நீ சொல்லு. ஒனக்குப் பிடிச்சா நான் குறுக்க நிக்க மாட்டேன்."

அஞ்சுகம் அவனை ரொம்ப நேரம் பார்த்தாள். அவனைப் பிடித்துத்தான் இருந்தது அவளுக்கு. அதை இரண்டு வருஷம் மூடிவைத்திருந்தாள். "எனக்கு நாளைக்கு ஒடம்புக்கு வந்தா இவரு யாரு மொகத்தம்மா பாப்பாரு? வேணாம்" என்று எழுந்து உள்ளே போனாள்.

அவர்கள் போன பிறகு இளையபெருமாள் சத்தம் போட்டார். அவர் சத்தம் போட்டு அந்த வீடு பார்த்ததில்லை. "வந்த சம்பந்தத்தை வெரட்டிட்டீங்களே ரெண்டு பேரும்! அரசாங்க வேலை! இனிமே எவன் வருவான்?"

"இந்தச் சத்தத்தை அன்னைக்குப் போட்டிருக்கலாம்ல?" என்றாள் அமுதம். "ஒங்க அக்கா என் பாயத் தூக்கிக் கொட்டகையில போட்டப்ப, எங்க போயிருந்துச்சு இது? என் பொண்ணும் ஒரு தலையாட்டிக்கிட்ட வாழணுமா?"

அடுப்படியில் லோகாம்பாள் போட்ட காப்பி ஆறிக்கொண்டிருந்தது. யாரும் குடிக்கவில்லை.

அஞ்சுகத்துக்கு இரண்டு வருஷம் கழித்துத் திருநள்ளாறு பக்கம் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரோடு கல்யாணமாயிற்று. பெண் பார்க்க வந்தவனிடம் அவளே நாலு கேள்வி கேட்டாள் என்று ஊரில் பேசினார்கள். லோகாம்பாள் அதே வீட்டில்தான் இருந்தாள். மன்னிப்பு என்ற பேச்சு வரவில்லை. அமுதம் ஆறு மாதம் பாரம் தூக்காமல் இருந்துவிட்டு அடுத்த சம்பாவுக்கு வயலில் இறங்கினாள். மூக்கைப் பொத்திக்கொண்டவர்களில் பாதிப் பேர் கூப்பிடாமலே வந்து வரிசையில் நின்றார்கள். அவர்களை அவள் சேர்த்துக்கொண்டாள், ஆனால் யாரோடும் பழையபடி சிரித்துப் பேசவில்லை. இளையபெருமாளோடு வேண்டியதை மட்டும் பேசினாள். வருஷத்துக்கு ஒரு முறை தஞ்சாவூர் போய் மதார் சாகிப்பிடம் காட்டிவிட்டு வருவாள். தையல் நன்றாகப் பிடித்திருக்கிறது, இனிக் கவலையில்லை என்பார் அவர். கூட வரட்டுமா என்று இளையபெருமாள் ஒவ்வொரு முறையும் கேட்பார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவள் தனியாகவே பஸ் ஏறுவாள்.